கதவு மூடித்தான் இருந்தது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் பாதி விஷயம் மறந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

உன் பசுமைக்குடிலிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தக்காளி நாற்று நாற்பது இருக்கும் போலிருக்கிறது. இலையைத் திருப்பிப் பிடித்து எடுத்திருக்கிறாயே, அந்தப் படம்தான் உதவியது. அடிப்பக்கம் முழுக்க ஊதா, நரம்பும் ஊதா. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைவு என்று யாரோ சொன்னதாகவும், உரம் வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பாட்டிலைத் திறக்காதே. மண்ணில் மணிச்சத்து போதுமான அளவு இருக்கும். வேருக்குத்தான் குளிர். மண் சில்லென்று கிடந்தால் வேரால் அந்தச் சத்தை இழுக்க முடியாது. அதன் மேல் உரத்தையும் ஊற்றினால் தொட்டியில் உப்புதான் சேரும்.

தட்டுகளைத் தரையில் வைத்திருக்கிறாய். முதலில் அவற்றைத் தூக்கி மேசை மேல் வை, அடியில் ஒரு தெர்மாகோல் பலகை போடு. விதைத்தட்டுக்கு அடியில் விரிக்கிற மின்சார சூட்டுப் பாய் கிடைத்தால் இன்னும் நல்லது. தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டாமல் மண்ணுக்குள் விரல் ஆழத்துக்குச் செருகிப் பார். காற்று 20 டிகிரி காட்டும் நேரத்தில் மண் 11இல் இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். மண் 18ஐத் தொட்டுவிட்டால் அடுத்து வரும் இலை பச்சையாக வரும். பழைய இலையின் ஊதாவை நினைத்துக் கவலைப்படாதே.

பசுமைக்குடில் என்ற பெயரைக் கேட்டு அது எப்போதும் கதகதப்பாக இருக்கும் என்று நம்பிவிடாதே. பகலில் வெயில் அடித்தால் வெளியே 5 டிகிரி இருக்கும்போதே உள்ளே 30ஐத் தாண்டும். அப்போது மேல் சன்னலைத் திறக்காவிட்டால் நாற்று துவண்டுவிடும். பொழுது சாய்ந்தால் கதையே வேறு. சூடு பண்ண ஒன்றும் இல்லாத குடிலில், விடியும் முன் உள்ளுக்கும் வெளிக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். மேகம் மூடிய இரவில் நிம்மதியாகத் தூங்கு. நட்சத்திரம் நிறையத் தெரிகிற இரவில்தான் உறைபனி இறங்கும். அன்றைக்கு நாற்றுகளின் மேல் மெல்லிய துணியைப் போர்த்து, முடிந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடு. தக்காளிக்குப் பனி விழவேண்டும் என்றுகூட இல்லை, 10 டிகிரிக்குக் கீழே இரவு இரவாக நின்றாலே வளர்ச்சி நின்றுவிடும்.

மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கி உள்ளே வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. நான் முதன்முதலாகக் குடில் போட்ட வருஷம். அவசரக்காரன் நான், குளிர் பருவத்தின் கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் விதைக்க வேண்டியதைப் பன்னிரண்டு வாரம் முன்பே விதைத்துவிட்டேன். குளிர் தாங்காது என்று மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி வைத்து, காற்று புகுகிற ஓட்டை எல்லாவற்றையும் துணி திணித்து அடைத்தேன். கடைசியாக வெளியே வந்தது நீ. காலையில் போய்ப் பார்த்தால் அத்தனை நாற்றும் காம்பு வளைந்து இலை கீழ்நோக்கிச் சுருண்டு, நனைந்த குடை மாதிரி தொங்கின. கதவைத் திறந்து போட்டது நீதானே என்று கத்தினேன். "மூடிட்டேன் பா, நல்லா மூடிட்டேன்" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் கேட்கவில்லை.

தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து ஊற்றினேன். அப்புறம் இன்னும் ஊற்றினேன். நாலாம் நாள் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோலச் சுருங்கி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நாற்றழுகல். குளிர்ந்த ஈர மண்ணில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், சாய்ந்த நாற்றை எதுவும் காப்பாற்றாது.

ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. அடைத்த இடத்தில் அடுப்பு எரிந்தால் காற்று போதாமல் அரைகுறையாக எரியும். அதில் எத்திலீன் வாயு வரும். பழத்தைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். தக்காளி இலை அதற்குத் துளி அளவிலேயே சுருண்டுவிடும். நீ சொன்னது நிஜம், கதவு மூடித்தான் இருந்தது. திறந்து கிடந்திருந்தால் ஒருவேளை பாதியாவது பிழைத்திருக்கும். இதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன், ஏதோ ஒன்று தள்ளிப்போட வைத்தது. தப்பு என்னுடையதுதான் அம்மா.

அதனால் அந்த அடுப்பு வேண்டாம். மூடிய இடத்தில் அதன் புகை மனிதருக்கும் ஆபத்து. மின்சாரப் பாய் போதும். பெரிய தண்ணீர் டிரம் இரண்டுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து வெயில் படும் பக்கம் வை. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி மெல்ல விடும். தண்ணீரைக் காலையில் மட்டும் ஊற்று, அதுவும் சில்லிட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், உள்ளே வைத்துக் குளிர் விட்டதும் ஊற்று. தட்டைத் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். கனமாக இருந்தால் அன்றைக்குத் தண்ணீரே வேண்டாம்.

ஓரத்துத் தட்டில் சில நாற்று வெளிறி, நெட்டையாகச் சாய்ந்திருக்கின்றனவே, அவை சூடு இருந்து வெளிச்சம் போதாததால் வந்தவை. தூக்கி எறியாதே. விதையிலிருந்து முதலில் வந்த வித்திலைக்கு மேல் உண்மையான இலை ஒரு ஜோடி விரிந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாற்று. பிடிக்கும்போது இலையைப் பிடி, தண்டைப் பிடிக்காதே. இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான். வித்திலை வரைக்கும் மண்ணில் புதைத்துவிடு. புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மற்ற செடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, தக்காளிக்கு இது ஒரு வரம்.

இன்னொரு சின்ன வேலை. தினமும் ஒரு தடவை உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெதுவாகத் தடவிக்கொடு, இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து முறை. காற்றில் ஆடுவதாக நினைத்துக்கொண்டு தண்டு குட்டையாக, தடியாக வளரும். விரலில் பச்சை மஞ்சளாக ஒரு பிசுக்கு ஒட்டும், சோப்புப் போட்டாலும் அந்த வாசனை சாயங்காலம் வரை போகாது. சின்ன வயதில் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடுவாய், ஞாபகம் இருக்கிறதா?

வெளியே நடுவதைப் பற்றி இப்போதே யோசிக்காதே, அதற்கு இன்னும் வாரக்கணக்கில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்க வேண்டும், அதைத் தனியாக எழுதுகிறேன்.

குறைந்தபட்சம் அதிகபட்சம் இரண்டையும் குறித்து வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று உன்னிடம் இருக்கிறது அல்லவா? இன்றிரவு நாற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கு. எவ்வளவுக்கு இறங்கியது என்று காலையில் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா