ஓசியான் மணலில் ஒரு பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

“காசைக் கொட்டி மணலைப் பார்க்கப் போறியாக்கும்? நம்ம வைப்பாத்துல இல்லாத மணலா?” என்று போனில் கேட்டீர்கள். அங்கே நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. வீடு திரும்பி நாலு நாள் ஆகிறது, இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் தங்கியது ராஜஸ்தானில் ஓசியான் என்ற ஊரில். ஜோத்பூரிலிருந்து வடக்கே 65 கிலோமீட்டர். 8ஆம் நூற்றாண்டிலிருந்து கட்டப்பட்ட பழைய கோயில்கள் ஊருக்குள் இருக்கின்றன, ஊரைத் தாண்டினால் மணல்மேடுகள். கூடாரத்தில் படுக்கப்போகிறாள் என்று கவலைப்பட்டீர்களே, அந்தக் கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை, வெந்நீர்க் குழாய் எல்லாம் உண்டு. ஜனவரிக் குளிர் எலும்பைத் தொடும் என்று ராத்திரி போர்வைக்குள் வெந்நீர்ப் பை வேறு வைத்துவிட்டுப் போகிறார்கள். வெளியே ஒரு நீச்சல் குளம். அந்தக் குளிரில் யாரும் இறங்கவில்லை, தண்ணீர் சும்மா நீலமாகக் கிடந்தது. சாயங்காலம் ஒட்டகச் சவாரி, நெருப்பைச் சுற்றி கால்பேலியா நடனம். நடனம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து முகாமின் ஒலிபெருக்கி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ‘கிராமம் பார்ப்பது’ என்று ஜீப்பில் கூட்டிப்போனார்கள். முதல் வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. தலைப்பாகை கட்டிக் காட்டினார் ஒருவர். அபினைத் தண்ணீரில் கரைத்து உள்ளங்கையில் ஊற்றி விருந்தாளிக்குக் கொடுக்கும் பழைய வழக்கத்தை நடித்துக் காட்டினார் இன்னொருவர். நான் கையை மடக்கிக்கொண்டேன். எல்லோரும் படம் எடுத்தார்கள், தட்டில் பணம் போட்டார்கள், கிளம்பினோம். எனக்கு ஏதோ பொருட்காட்சிக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. ஜீப் ஓட்டிய பையனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், “உங்கள் வீடு எங்கே?” என்று கேட்டேன். வீடு தூரம், ஆனால் மாசி வீடு வழியில்தான் என்றான். மாசி என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். அவன் அம்மாவுக்கு மூத்தவளாம். அப்புறம் என்ன, பெரியம்மாதானே!

அந்த மாசி பிஷ்னோய் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் வசிப்பதை ஊர் என்று சொல்ல முடியாது. வயலுக்கு நடுவே நாலைந்து குடிசை, முள்வேலி, ஆடு மாடு. இதற்குத் தாணி என்று பெயர். அடுத்த தாணி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தனியாக நிற்கும். வட்டமான மண் சுவர், மேலே கூரை, தரையெல்லாம் சாணி மெழுகியிருந்தது. ஆண்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலோடு நின்றுவிட, மாசி என்னை மட்டும் அடுப்படிக்குக் கூட்டிப்போனார். மூலையில் ஒரு திருகை. நம் வீட்டுப் பரணில் கிடக்கிறதே, அதேதான். நானும் சுற்றிப் பார்த்தேன். மாவு வரவில்லை, மாசிக்குச் சிரிப்புதான் வந்தது.

அவர் அரைத்தது கம்பு, பெரியம்மா. கம்பு! அதைக் கையாலேயே தட்டித் தட்டி ரொட்டி ஆக்குகிறார்கள். சோக்ரா என்கிறார்கள், மேலே நெய்யும் வெல்லமும். அதோடு ஒரு குவளையில் சூடாக ஏதோ கொடுத்தார். மோரில் கம்பு மாவைக் கரைத்துக் காய்ச்சிய ராப். ஒரு வாய் குடித்ததும் நீங்கள் சித்திரை வெயிலில் கலயத்திலிருந்து ஊற்றித் தரும் கூழ் ஞாபகம் வந்துவிட்டது. நம்முடையது வெயிலுக்கு, இது குளிருக்கு.

வெளியே வந்தால், வயலில் வட்டமாகச் சிமெண்டு பூசிய மேடை, அதில் பூட்டுப் போட்ட சின்ன மூடி. அதுதான் டாங்கா, மழைத்தண்ணீர் சேரும் நிலத்தடித் தொட்டி. சுற்றியுள்ள தரையைச் சரிவாக்கி இறுக்கி வைத்திருக்கிறார்கள். மழைக்கு முன்னால் அதைக் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், ஆடுமாடு ஏறக்கூடாது, செருப்புக் கால் படக்கூடாது. நம் ஊருணியில் கால் கழுவினால் அடி விழுமே, அந்த மாதிரி. அங்கே பெய்யும் மழை நம் கரிசல்காட்டு மழையில் பாதிதான். தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டேன். மாசிக்கு லிட்டர் கணக்கெல்லாம் தெரியவில்லை. “ஹோலி வரைக்கும் வரும், அப்புறம் டேங்கர்” என்றார். எனக்கு அந்த நீச்சல் குளம் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

இனி முக்கியமான விஷயம். வழியெல்லாம் வயலுக்கு நடுவே மரங்கள் மொட்டையாக நின்றன. குளிர்காலத்தில் ஆட்டுக்குத் தழைக்காகக் கிளையை மட்டும் கழித்துவிடுவார்களாம், மறுபடி துளிர்த்துவிடும். அடிமரத்தில் கை வைக்க மாட்டார்கள். அதன் நிழலில் கம்பு நன்றாக விளைகிறது என்று வைத்தே பயிர் செய்கிறார்கள். பெயர் கேஜ்ரி. இலையைக் கிள்ளிப் பார்த்ததும் சந்தேகம் வந்தது, தேடிப் பார்த்தேன். நம் வன்னி மரம்! நம் ஊர்ப் பிள்ளையார் எதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறாரோ அதே மரம். நாம் சுற்றி வந்து கும்பிடுகிறோம், அவர்கள் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். காய்க்கு சாங்ரி என்று பெயர், காயவைத்து வருஷம் முழுக்கக் குழம்பு வைக்கிறார்கள். 1899-1900இல் வந்த பெரும் பஞ்சத்தில் பட்டையையே உரித்து இடித்து மாவாக்கித் தின்றார்களாம். தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் ஆச்சி சொன்ன கதைகளை நினைத்துக்கொண்டேன்.

இந்த மரத்துக்காகச் செத்தவர்கள் உண்டு. 1730இல் ஜோத்பூர் ராஜாவின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாசலுக்கு விறகு வெட்ட கேஜர்லி என்ற ஊருக்கு வந்தார்கள். அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளை வெட்டினார்கள், பிறகு அவளுடைய மூன்று பெண்களை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து மரத்துக்கு ஒருவராய் நின்றார்கள். 363 பேர். அதற்கப்புறம்தான் ராஜா நிறுத்தச் சொன்னார். பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பது அவர்களுடைய 29 நெறிகளில் ஒன்று. விறகு வீணாகக்கூடாது என்று இறந்தவர்களையும் எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். மாசி இதைச் சொன்னபோது குரல் உயரவே இல்லை. பக்கத்து வீட்டில் போன வாரம் நடந்ததைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே ஆட்டுக்குத் தழை போட்டார்.

கிளம்பும்போது பணம் நீட்டினேன், வாங்கவில்லை. என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். அதில் பாதியை உங்களுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். கறுத்துச் சுருண்ட குச்சி மாதிரி இருப்பதுதான் சாங்ரி. கூடவே மிளகைவிடப் பெரிதாக இருக்கும் உருண்டைக் காய் கேர், அதை மோரிலோ உப்புத் தண்ணீரிலோ நன்றாக ஊறவைத்தால்தான் கசப்பு போகும். இரண்டையும் வேகவைத்து எண்ணெயில் மிளகாய் தாளித்து வதக்குங்கள். மாங்காய் வற்றல் இருந்தால் போடலாம்.

அப்புறம், பிள்ளையார் கோயில் மரம் காய்த்தால் பறித்து வையுங்கள். பூசாரி சண்டைக்கு வந்தால் நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி மகள்