பாப்பாவுக்கு அம்மா எழுதறது

பாப்பா,

நீ ஐடி வேலைய விட்டுட்டு கண்ணு செக் பண்ற மெஷின் செய்ற சின்ன கம்பெனிக்கு போறேன்னு சொன்னதுலருந்து அப்பாவுக்கு தூக்கமே இல்ல. எனக்கும் பயம்தான், ஆனா உன்ன தடுக்க மாட்டேன்.

அப்பத்தா போட்டிருந்த சோடாபுட்டி கண்ணாடி ஞாபகம் இருக்கா? அவங்க கண்ணுல புரை எடுத்த காலத்துல கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கறதெல்லாம் நம்மள மாதிரி வீட்டுக்கு எட்டாது, வெளிநாட்டு லென்ஸ் ஒண்ணு 100 டாலர் கிட்டன்னு சொல்வாங்க, அதனாலதான் அந்த கண்ணாடி. அந்த கண்ணாடில எல்லாம் பெருசா கிட்டக்க வந்த மாதிரி தெரியும், டம்ளருக்கு காபி ஊத்தினா வெளியதான் ஊத்தும், படி இறங்க சுவத்த தடவிக்கிட்டே வருவாங்க. அப்புறம் 1992ல நம்ம மதுரைலயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரங்க ஆரோலேப்னு ஒண்ண ஆரம்பிச்சு அதே லென்ஸ இங்கயே செஞ்சு 10 டாலருக்கு கொண்டு வந்தாங்க பாரு, அதுக்கப்புறம் அதையும் கொறச்சாங்க, இன்னிக்கு நூறு நாட்டுக்கு மேல போகுது. உங்க கம்பெனி செய்ய நெனைக்கிறதும் இதுதானே.

அரவிந்த ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி 1976ல ரிட்டையர் ஆனப்புறம் 11 படுக்கையோடதான் தொடங்குனாரு, முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு, அந்த கையாலயே ஆயிரக்கணக்குல ஆபரேஷன் பண்ணாரு. என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது அவரோட கணக்குதான். காசு உள்ளவங்க குடுக்கறதுல இல்லாதவங்களுக்கும் ஆபரேஷன் நடக்கும். நீ எல்லாம் ப்ரீயா குடுப்போம்னு சொன்னியே, அது எனக்கு சரியா படல பாப்பா. நன்கொடை குடுக்கறவன் ஒரு வருஷம் நிறுத்திட்டா அந்த மெஷின் ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்து மூலைல தூசி புடிச்சு கெடக்கும். முடிஞ்சவங்ககிட்ட வாங்குங்க, நீயும் ஒழுங்கா சம்பளம் வாங்கு, சேவைன்னா சம்பளம் கேக்கக்கூடாதுன்னு யாராவது சொன்னா காதுல வாங்காத.

இன்னொன்னு, மெஷின ஓட்டப்போறது யாருன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. அரவிந்த்ல கிராமத்து பொண்ணுங்கள எடுத்து ட்ரெயினிங் குடுத்துதான் பாதி வேலை நடக்குது, ஊருக்குள்ள இருக்க விஷன் சென்டர்ல அவங்க கண்ண பாத்து படம் எடுத்து அனுப்பறாங்க, டாக்டர் ஆஸ்பத்திரிலருந்தே வீடியோல பேசறாரு. அந்த பொண்ணுங்ககிட்ட குடுத்து பாத்துட்டு அப்புறம் டிசைன முடிவு பண்ணுங்க. கரண்ட் போனா என்ன ஆகும், ரிப்பேர்னா யாரு வருவா, எல்லாம் கேட்டுக்க.

ஞாயித்துக்கெழம போன் பண்ணு. அப்பா பேசுவாரு, பிஎஃப் உண்டா, கம்பெனிக்கு பணம் எங்கருந்து வருதுன்னுதான் முதல்ல கேப்பாரு, பதில் வச்சுக்க.

அம்மா