தடை என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்

தமிழ்நாட்டு மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

உறவுக்குப் பின் கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வரும் பெண்களிடம் உங்களில் பலர் "ஸ்டாக் இல்லை" என்கிறீர்கள்; இல்லையென்றால், "தமிழ்நாட்டில் அதற்குத் தடை" என்கிறீர்கள். அப்படி ஒரு தடை கிடையாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று 2005இல் மத்திய அரசு அனுமதித்தது. அரசின் குடும்ப நலத் திட்டத்திலேயே அந்த மாத்திரை உண்டு. பெங்களூரு கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சென்னையில் என் தோழி ஒருத்தி கேட்ட கடையில், கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஆணுறைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கடைக்காரர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். இருமல் மருந்து வாங்க நின்றவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் மணமானவள், ஒரு குழந்தைக்குத் தாய். ஆகாதவளாக இருந்திருந்தாலும் அதைக் கேட்க அவருக்கு என்ன உரிமை? ஆணுறை வாங்கும் ஆணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லையே.

கருவைக் கலைக்கும் பாவத்துக்குத் துணைபோக மாட்டேன், என் மனசாட்சி இடம் தராது என்பவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர்களோடுதான் நான் முக்கியமாகப் பேச விரும்புகிறேன். இந்த மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. கர்ப்பம் தரித்துவிட்டால் அதைக் கலைக்க இதனால் ஆகாது. கருக்கலைப்புக்குத் தரப்படும் மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் வேறு மருந்துகள். அவற்றுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். மருந்தியல் படித்த உங்களுக்கு இந்த வேறுபாடு தெரியாதா? தெரிந்தும் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

இதையெல்லாம் அறிந்த பிறகும் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அவரை நான் வற்புறுத்த மாட்டேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதே சிக்கல் நீதிமன்றம் வரை போனது. மருந்தாளுநர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் கடை மருந்தைக் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே 2007இல் விதி வந்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது. அந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. உங்களுக்கு மனமில்லையா? பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுக்கட்டும். அவரும் இல்லையென்றால், எந்தக் கடையில் கிடைக்கும் என்றாவது சொல்லுங்கள். மனசாட்சியின் பெயரால் பொய் சொல்லாதீர்கள்.

உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை இது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஆணுறை கிழிந்துபோனவள் வருவாள், கணவனிடம் மறுத்துப் பேச முடியாதவள் வருவாள், வன்முறைக்கு ஆளாகி அதை வெளியே சொல்ல முடியாதவளும் வருவாள். கடை கடையாக அலைவதிலேயே அவர்களுக்கு ஒரு நாள் போய்விடுகிறது. பெரிய ஊர்களில் அடுத்த கடை இருக்கிறது. ஒரே மருந்துக்கடை உள்ள ஊரில் அவள் எங்கே போவாள்?

உங்கள் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேச வேண்டும். தடை இல்லை என்று உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். கடைக்குக் கொஞ்சமாவது இருப்பு வைக்கச் சொல்லுங்கள். மணமானவளா என்ற கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் மருந்து வாங்கும் ஒரு பெண்