லைனர் எந்த உலோகம்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மடக்குக் கத்திகளைப் பிரித்துச் சீர்செய்யத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். கைப்பிடிக்கு உள்ளே இருபக்கமும் இருக்கும் உலோகத் தகடுகளான லைனர்களில், திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் லாக் இருக்கிற பக்க லைனரில் காந்தம் லேசாக ஒட்டுகிறது, மறுபக்க லைனரில் ஒட்டவில்லை, இரண்டும் வேறு வேறு உலோகமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் ஒரே உலோகமாகத்தான் இருக்கும். லாக் கையின் (லைனரில் வெட்டப்பட்டு வளைந்து அலகைத் தாங்கும் பகுதியின்) நுனிக்கருகே அலகைப் பார்த்தபடி பதித்திருக்கும் சின்னக் குண்டைப் பார். அலகு தானாகத் திறந்துவிடாமல் பிடிப்பது அதுதான். அது பல கத்திகளில் ஸ்டீல், சிலவற்றில் செராமிக். உன் காந்தம் இழுத்தது அந்தக் குண்டையாக இருக்கலாம். ஃபிரேம் லாக் (கைப்பிடிச் சட்டத்திலேயே லாக் கையை வெட்டியிருக்கும் வகை) என்றால் இன்னொன்றும் உண்டு: பலவற்றில் டைட்டேனியக் கையின் நுனியில் ஸ்டீல் துண்டு ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். அதனால் கத்தியை முழுக்கப் பிரித்து, சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, லைனரின் நடுப்பகுதியில் சோதித்துப் பார்.

பளிச்சென்று ஒட்டினால் 410, 420 போன்ற 400 வரிசை ஸ்டெயின்லெஸ், அல்லது கார்பன் ஸ்டீல். துருப்புள்ளி சீக்கிரம் வந்தால் கார்பன் ஸ்டீலைச் சந்தேகப்படு. வளைத்த இடத்தில் மட்டும் மெல்ல இழுத்து, மற்ற இடத்தில் சும்மா இருந்தால் 304 என்ற ஸ்டெயின்லெஸ் வகையாக இருக்கலாம். குளிர்நிலையில் உருட்டி வளைக்கும்போது அதற்குக் கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். எங்குமே ஒட்டாவிட்டால் டைட்டேனியம், அலுமினியம், பித்தளை, ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) எதுவாகவும் இருக்கலாம். பித்தளையை நிறமே காட்டிக்கொடுக்கும். மற்றவற்றுக்குத் தராசுதான் வழி.

0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். லைனரில் எண்ணெய் இல்லாமல் துடைத்து எடை போட்டுக் குறித்துக்கொள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கு. லைனரை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்து. அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. நூலை நீ பிடித்திருக்கும்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை கன செ.மீ. அந்த லைனரின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 9.30 கிராம் லைனர் தண்ணீரில் 2.10 காட்டினால் 4.43, அது கத்திகளில் அதிகம் பயன்படும் 6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம் கலந்த டைட்டேனியம். கலப்பில்லாத டைட்டேனியம் 4.51. அலுமினியம் 2.7, 400 வரிசை ஸ்டெயின்லெஸ் 7.7, 304 ஏறக்குறைய 8, பித்தளை 8.5, ஜெர்மன் சில்வர் 8.7 பக்கம். திருகு ஓட்டைகளில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைத்துக் காட்டும். ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டு, நூலை ஆட்டிக் குமிழியை விரட்டு. ஸ்டீல் துண்டு திருகியிருந்தால் கழற்றிவிட்டு எடை போடு. இல்லையென்றால் டைட்டேனியத்தின் அடர்த்தி கூடுதலாகக் காட்டி உன்னைக் குழப்பும்.

நீலமோ ஊதாவோ ஆன லைனர் என்றால் தராசுகூட வேண்டாம். அதன்மேல் விரலை அழுத்தி எடு. டைட்டேனியத்தின் நிறம் சாயமல்ல. மேலிருக்கும் ஆக்சைடு படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் ஒளி பிரதிபலித்து ஒன்றுசேர்வதால் வருவது. அதனால் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் மங்கி மாறும். ஸ்பிரிட்டில் துடைத்ததும் பழைய நீலம் அப்படியே திரும்பும். அலுமினியத்தில் ஏற்றிய சாயம் இப்படி மாறாது. தீப்பொறி பார்க்கிறேன் என்று டைட்டேனியத்தை உராய்வுக்கல்லில் மட்டும் வைக்காதே. வெள்ளை வெளேரென்று பொறி வரும், உண்மைதான். ஆனால் அந்தத் தூள் எளிதில் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

இத்தனை சிரமம் எதற்கென்றால், லாக் பழகும் விதமே உலோகத்தைப் பொறுத்தது. 1980களில் மைக்கேல் வாக்கர் என்ற கத்தி வடிவமைப்பாளர் லைனரிலேயே லாக் கை அமைந்த லைனர் லாக்கைப் பரவலாக்கினார். அதற்கு டைட்டேனியம் நன்றாகவே பொருந்திற்று, எடை குறைவு, சுருள்வில் போல வளைந்து திரும்பும். ஆனால் அது ஸ்டீலோடு உரசும்போது ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. லாக் இறுகிப்போய் விடுவிக்கக் கட்டைவிரல் வலிக்கிறதே, அது பெரும்பாலும் இதனால்தான். அரத்தால் தேய்க்காதே, கோணம் போனால் லாக் வழுக்கும், அது விரலுக்கு ஆபத்து. மென்மையான பென்சிலால் லாக் முகத்தில் (அலகைத் தொடும் நுனியில்) இரண்டு கோடு போட்டுச் சில முறை திறந்து மூடு. 420 லைனரில் இந்த ஒட்டல் குறைவு, ஆனால் கத்தி கனக்கும்.

பேக் லாக் (கைப்பிடியின் முதுகில் லாக் இருக்கும் வகை) கத்தியில் லைனர் சுமையை அதிகம் தாங்காது. அங்கே முதுகுப் பட்டையும் ஸ்பிரிங்குமே முக்கியம், இரண்டும் ஸ்டீல்தான். அங்கே துருவை மட்டும் பார்த்தால் போதும்.

உன் லைனரின் இரண்டு எடைகளையும் எழுதி அனுப்பு. குண்டு ஸ்டீலா செராமிக்கா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்