சுண்ணாம்பில் ஊறிய சோளம்

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. அவசரப்பட்டு மாடி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

"மெக்சிகோ வந்தால் எனக்குச் சாப்பிட என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருந்தாய். பீன்ஸ் தமாலே செய்யக் கற்றுக்கொண்டுவிட்டேன். மக்காச்சோள மாவுக்குள் பீன்ஸ் விழுதை வைத்து, இலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. இந்த ஊரில் மாவோடு பன்றிக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைவது சகஜம். ஆனால் எங்கள் வீட்டுக்கார அம்மா வஹாக்கா மாநிலத்தின் மலைப்பக்கத்துக்காரர். அவர் கைப்பக்குவத்தில் கொழுப்பே கிடையாது. அதனால் நீ தயங்காமல் சாப்பிடலாம்.

எல்லாம் மாவில்தான் இருக்கிறது. 1 கிலோ வெள்ளை மக்காச்சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்பு. ஆமாம், வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அதைத் தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிட வேண்டும். காலையில் கையை விட்டுத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வரும். முதல் மழை விழுந்த மண்போல ஒரு வாசனை எழும் பார், அதற்காகவே சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். நன்றாகக் கழுவி, தெருமுனை மில்லில் கொடுத்தால் அரைத்துத் தருவார்கள். முதல் தடவை சுண்ணாம்பு கூடிப்போய் மாவு மஞ்சளாகிக் கசந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் வீட்டு அளவுக் கரண்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

சுண்ணாம்பு ருசிக்காக மட்டும் இல்லை. சோளத்தில் இருக்கும் நயாசின் சத்து இப்படி ஊறினால்தான் சரியாக உடம்பில் சேரும். சோளம் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகளை, நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டி எடுத்தது. தானியத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதைச் சமைத்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, பூரணத்துக்கு வருகிறேன். கறுப்பு பீன்ஸ், ராஜ்மா ஜாதிதான், அளவில் சிறியது. குழைய வேகவைத்து, காய்ந்த மிளகாயும் சூடான மண் தோசைக்கல்லில் வாட்டிய அவகாடோ இலையும் சேர்த்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். இலையில் சோம்பு மணம் தூக்கும். மாவைத் துணிமேல் மெல்லியதாகத் தட்டி, விழுதைப் பூசி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டித் துண்டு போடுகிறோம். ஒவ்வொரு துண்டையும் 'இயெர்பா சாந்தா' என்ற இலையில் சுற்றி, அதன்மேல் சோளத் தோகை. அந்த இலையை முதலில் பார்த்ததும் அசந்துபோனேன். அச்சு அசல் வெற்றிலை, ஆனால் உள்ளங்கையைவிடப் பெரியது. அப்புறம்தான் தெரிந்தது, மிளகு, வெற்றிலை, இது எல்லாமே ஒரே பேரினம்.

அடுக்குவதற்கு முன் பானையின் அடியில் ஒரு நாணயம் போடுகிறார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தோகை மாவில் ஒட்டாமல் பிரிந்தால் வெந்துவிட்டது.

ஜனவரி 6 அன்று இங்கே ஒரு வளைய ரொட்டிக்குள் குட்டிப் பொம்மை வைத்துச் சுடுவார்கள். பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே போட வேண்டும். இந்த வருடம் அது என் துண்டில் வந்தது. 60 செய்தோம். மாலைக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த பிப்ரவரிக்கு வந்துவிடு. லீவு இப்போதே சொல்லி வை. வரும்போது நல்ல இட்லித் துணி இரண்டு எடுத்து வா, மாவு தட்ட இங்கே கிடைப்பது சரியாக இல்லை.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி