வீட்டுப் பெண்கள் மனது வைத்தால் போதுமாமே!

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில் வந்த 'இரவு இனிப்புக்கு மாற்று' கட்டுரையைப் படித்தேன். படம் அழகாக இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'வீட்டுப் பெண்கள் மனது வைத்தால் இந்தப் பழக்கத்தை ஒரே வாரத்தில் ஒழித்துவிடலாம்.' அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததில் அடுப்பிலிருந்த சாம்பார் அடிபிடித்துவிட்டது. அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஒரே வாரமாம். எனக்கு ஆறு வருஷம் ஆனது.

என் வீட்டுக்காரர் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டியவர். இரண்டாம் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு ஆயர் ஈத்தாம் வந்து சேர இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிடும். கையில் பொட்டலம் இல்லாமல் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு நாள் கச்சானும் சீனியும் வைத்து மடித்த அப்பம் பாலிக், ஒரு நாள் சீனிப்பாகில் மிதக்கும் தோங் சுயி, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை இருக்கும் நாளில் குவே பலகார வகை நாலைந்து. பிள்ளைகள் தூங்காமல் காத்துக்கிடப்பார்கள். பகலில் கண்ணில் படாத அப்பாவை அந்தப் பொட்டலத்தில்தான் பார்த்தார்கள். பிறகு ஒருவன் கோலாலம்பூர், ஒருத்தி ஜொகூர் என்று போய்விட்டார்கள். பொட்டலம் மட்டும் நிற்கவில்லை. நாலு பேருக்கு வாங்கியதை இவர் ஒருவரே உட்கார்ந்து சாப்பிட்டார். இதில் நான் எந்த மனதை, எங்கே வைப்பது என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

2018இல் அவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று தெரிந்தது. கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி (தாதி) தாளைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மா, வீட்டுல என்ன சமைச்சுப் போடுறீங்க?" என்று கேட்டார். வாங்கியது அவர், தின்றது அவர், கேள்வி எனக்கு. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதே கேள்வியை நீங்கள் இப்போது அச்சிலேயே போட்டுவிட்டீர்கள்.

சரி, மாற்று என்று என்ன சொன்னீர்கள்? புளூபெரி, சியா விதை, கிரேக்கத் தயிர். ஐயா, எங்கள் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் 125 கிராம் புளூபெரிப் பெட்டி 14 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் காசுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ சீனி வாங்கலாம். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் கொய்யா மலைபோல் குவிந்து கிடக்கிறது. கொய்யாவில் இருக்கும் சீனி புளூபெரியைவிடக் கூடுதல் இல்லை, நாரோ இரண்டு மடங்கு. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் நம் பீடோர் ஊர்க் கொய்யாவைப் படம் எடுத்துப் போட்டால் பக்கம் அழகாக வராது, அவ்வளவுதானே?

அப்புறம் அந்தப் பேரீச்சம்பழ உருண்டை. 'இனிப்பு நீர் உள்ளவர்களும் தைரியமாகச் சாப்பிடலாம்' என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பெரிய மெஜூல் பழம் ஒன்றிலேயே ஏறக்குறைய நாலு தேக்கரண்டிச் சீனி இருக்கிறது. ஓர் உருண்டைக்கு இரண்டு பழம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் நாத்தனாரும் இப்படித்தான், தென்னை வெல்லமான குலா மலாக்காவும் கருப்பட்டியும் போட்டால் ஒன்றும் செய்யாது என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு தூக்கு நிறையக் கொண்டு வருவார். கறுப்பாக இருந்தாலும் சீனி சீனிதான் என்று நான் சொன்னால் அண்ணிக்குப் பொறாமை என்பார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். முதலில் நான் கண்டுபிடித்தது, அவருக்கு இருந்தது பாதி பசி. மாலை ஐந்து மணிக்கு ரொட்டியும் இனிப்பான டின் பால் ஊற்றிய கோப்பியும் குடித்துவிட்டு, அதையே இரவுச் சாப்பாடாக வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பார். வேனில் வைத்துச் சாப்பிட முட்டை, பருப்பு, கீரையோடு சோறு கட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் பொட்டலம் சிறுத்தது. பிறகு கொய்யா வெட்டி, ஆசாம் பொய் என்கிற புளிப்புப் பழத் தூளைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்தேன் (அதில் உப்பு அதிகம், அவருக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது). சீனியே போடாமல் அகார் அகார் (கடற்பாசி), பாண்டான் இலையும் கொஞ்சம் தேங்காய்ப் பாலும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு. முதல் நாள் வாயில் வைத்துவிட்டு, "சவர்க்காரம் மாதிரி இருக்கு" என்றார். மூன்றாவது வாரம் அவரே குளிர்பெட்டியைத் திறந்து தேடினார். நாக்கு பழகும், ஆனால் உங்கள் பத்திரிகையின் வேகத்தில் பழகாது. இஞ்சியும் பட்டையும் தட்டிப் போட்ட வெந்நீர், அவித்த கச்சான் (வேர்க்கடலை), வெறும் தயிர் என்று எல்லாம் முயன்றோம். தயிரை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

வேலையை விட்ட பிறகு, சாப்பிட்டதும் பிளாட்டைச் சுற்றி கால் மணி நேரம் நடக்கிறோம். சாப்பிட்ட பின் நடந்தால் சீனி ஏறுவது குறையும் என்று டாக்டரும் சொன்னார். வழியில் ஒரு மாமாக் தேநீர்க் கடை. 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று தெளிவாகச் சொன்னாலும் பாதி நாள் சீனி போட்டுத்தான் வரும். கேட்டால் "கொஞ்சம்தான் அக்கா" என்பார்கள். சனிக்கிழமை மட்டும் ஓர் அப்பம் பாலிக், ஆளுக்குப் பாதி. அதை நிறுத்தச் சொல்லி யாரும் எனக்குக் கட்டுரை அனுப்ப வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சீனிக் கணக்கு (HbA1c) 9.4இலிருந்து 7.1க்கு வந்திருக்கிறது. மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு, எல்லாம் என் சாமர்த்தியம் என்று சொல்ல நான் கட்டுரையாளர் இல்லை.

நம் மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று 2023 ஆய்வு சொன்னது. அதில் நம் இந்தியர்கள்தான் முன்வரிசை. முதல் பக்கத்தில் நீங்களே போட்டீர்கள். சீனி பானத்துக்கு 2019இல் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது, 2025இல் 90 சென் ஆனது. அதையும் போட்டீர்கள். அதே பத்திரிகையில் ஒரு புறம் 'இனிப்பு நீரை வேரோடு அறுக்கும் மூலிகை' விளம்பரம், மறுபுறம் வாரம் தவறாமல் பலகாரக் குறிப்பு. இரவு இனிப்பை ஒழிக்கச் சொன்ன அன்றே, பக்கத்தைத் திருப்பினால் சேமியா பாயசம்: ஆறு பேருக்கு 400 கிராம் சீனி! தேக்கரண்டிக்கு நாலு கிராம் என்றால் தலைக்குப் பதினாறு தேக்கரண்டிக்கு மேல். அரை டின் பாலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, ஒரு நாளைக்கே ஆறு தேக்கரண்டிக்குள் நின்றால் நல்லது. அந்தப் பாயசத்தைச் செய்வதும் வீட்டுப் பெண்கள், ஒழிப்பதும் வீட்டுப் பெண்கள். நாங்கள் ரொம்பத் திறமைசாலிகள், ஐயா.

2019இல் திருமண மண்டபங்களில் தண்ணீருக்குப் பதில் சிரப் பானம் மட்டும் வைப்பதைப் பற்றி உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நாலு வரியாக வெட்டி, 'ஒரு வாசகர் ஆதங்கப்படுகிறார்' என்று போட்டீர்கள். ஆதங்கப்பட்டவர் வாசகி. பரவாயில்லை, மறந்துவிட்டேன்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். பலகாரக் குறிப்பு போடும்போது, கடைசியில் ஒரு வரி, 'ஒருவர் பங்குக்கு இத்தனை தேக்கரண்டிச் சீனி' என்று போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்த மூலிகை விளம்பரத்தில் ஒரு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், என் வீட்டுக்காரர் கண்ணாடியை வேனோடு விற்றுவிட்டார் போலிருக்கிறது, தேடிக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (வாசகர் அல்ல),
ஆயர் ஈத்தாம், பினாங்கு.

பி.கு: பெயரைப் போட வேண்டாம். நாத்தனாரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.