அவர் சொன்ன ‘சரி’ நிஜமான சரிதான்

பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் பண்பாட்டுப் பயிற்சி நடத்தும் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். அப்படி ஒரு பயிற்சியில் அரை நாள் உட்கார்ந்தவன் எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடுதான் நடத்துகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கும் சக ஊழியர் ஒருவருக்கும் இடையே நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

திரையில் நாடுவாரியாக ஒரு பட்டியல் போட்டார்கள். அவருடைய நாட்டுக்கு நேராக, ‘இவர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள்’ என்று இருந்தது. மறுநாளிலிருந்து அவர் சொன்ன ‘சரி’யெல்லாம் என் காதில் ‘முடியாது’ என்றே விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தயாராகிவிடுமா என்று கேட்டேன். சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி சுற்றி வளைத்துக் கேட்டேன். அடுத்த நாள் காலையில் மறுபடியும் கேட்டேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் சொன்னதில் எதை நீங்கள் நம்பவில்லை?” என்றார். அறிக்கை வியாழக்கிழமையே வந்துவிட்டது. நாங்கள் பழையபடி பேசிக்கொள்ளத்தான் மாதக்கணக்கானது.

அந்தப் பட்டியல்களுக்கெல்லாம் முன்னோடியாக இருப்பது டச்சு சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் செய்த ஆய்வு. 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் இருந்த ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் வாங்கிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்துச் செய்தது. ஒரு நாட்டின் சராசரியைத் தனி மனிதர் மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். பட்டியல் மட்டும் வகுப்புக்கு வந்தது, எச்சரிக்கை வரவில்லை.

இன்னொன்று, மௌனம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, கேள்வி முடிந்து பதில் தொடங்கும்வரை ஆகும் நேரத்தை 10 மொழிகளில் அளந்தது. மிகவும் நிதானமாக வந்த டேனிஷ் மொழியிலேயே சராசரி அரை நொடியைத் தொடவில்லை. நம் காது அவ்வளவு சின்ன இடைவெளிக்குப் பழகியது. இரண்டாம் மொழியில் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நொடி ஆனால், அதற்குள் ‘இவருக்கு விருப்பமில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். கூட்டங்களில் நானே எத்தனை முறை அப்படிக் குறுக்கே புகுந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, எதுதான் உதவும்? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லிவிட்டார்: சமமான இடம், பொதுவான இலக்கு, கூடிச் செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு. இவை இருந்தால் வெவ்வேறு குழுவினர் பழகப் பழக அவர்களுக்குள் வெறுப்பு குறையும். தாமஸ் பெட்டிக்ரூ, லிண்டா டிராப் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் இது பற்றிய 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழக்கம் கூடினால் தப்பெண்ணம் குறைவதுதான் பொதுவான போக்காக இருந்தது. உங்களுக்கு முக்கியமானது அவர்கள் 2008-ல் எழுதியது. அடுத்த குழுவைப் பற்றிய தகவல் அறிவு கூடுவதால் வரும் பலன் சிறியது. பதற்றம் தணிவதும் அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பதும்தான் கூடுதலாக உதவுகின்றன. அதாவது, தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற அந்த உள்நடுக்கம் போக வேண்டும். நாடுவாரிப் பட்டியல் என் நடுக்கத்தைக் கூட்டியது.

உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் செய்ததைப் பாருங்கள். இனப் பிரிவினையை நீக்கி ஒன்றாக உட்கார வைத்த வகுப்புகளில் சண்டை ஓயவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அடுத்த பிள்ளை வாய் திறந்தால்தான் தன் பாடம் முழுமையாகும் என்றானதும், திக்கித் திணறிப் பேசும் பிள்ளையையும் பொறுமையாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

எங்களுக்கும் அப்படி வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒரே பக்கத்து ஆட்களே எப்போதும் தலைமை தாங்க, மற்றவர்கள் குறிப்பெடுக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளே கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள், இரண்டாம் மொழிக்காரர் யோசித்து வரட்டும். அப்புறம், அந்தக் கூட்டத்தில் உங்கள் மேலாளர்களும் வந்து உட்காரட்டும்.

அடுத்த மாதம் மறுபடியும் அரை நாள் பயிற்சி என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அந்த அரை நாளை எங்களுக்கே விட்டுவிடுங்கள். நானும் அவரும் சேர்ந்து முடிக்க வேண்டிய அறிக்கை ஒன்று பாதியில் நிற்கிறது.

அன்புடன்,
உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவன்